முட்டியம்மாவும் ஒரு ‘பரவாயில்லை’யும்

எங்கள் தெருவில் இருக்கும் குழந்தைகள் கிளினிக்கில் எந்தப் பிள்ளைக்கும் பெயர் கிடையாது. பெயர் சொல்லித்தான் சீட்டு வாங்குவோம். ஆனால் நர்ஸம்மா கூப்பிடும்போது அது காற்றோடு போய்விடும். “காது, உள்ள வாங்க.” “வாந்தி, அடுத்து நீங்க.” “சொறி, சுவத்துல ஒட்டியிருக்கிற அந்த மீன் படத்தைச் சுரண்டாதே, கையை எடு.” பிள்ளைக்கு வந்த நோய்தான் பிள்ளையின் பெயர், பெற்றவர்களுக்கு அதுவே குடும்பப் பெயர். என் மகனுக்கு மூச்சிழுப்பு. கிளினிக்குக்கு இரண்டு கடை தள்ளி சலூன் வைத்திருக்கிறேன். தெருவில் எனக்கென்று ஒரு மரியாதை உண்டு. கிளினிக் வாசலைத் தாண்டினால் நான் வெறும் இழுப்பப்பா. ஆரம்பத்தில் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு நானே பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம், “நீங்க காதா, தொண்டையா?” என்று கேட்க ஆரம்பித்துவிட்டேன்.

முட்டியம்மா எனக்கு அங்கேதான் பழக்கம். பார்த்தது அதற்கு முன்பே. எங்கள் பக்கம் போகும் பஸ்ஸில் அவர் கண்டக்டர். கழுத்தில் விசில், தோளில் பை, குரல் மட்டும் பஸ்ஸுக்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே வந்துவிடும். “உள்ள போங்க, உள்ள போங்க! உள்ள என்ன பாம்பா கிடக்கு?” சீட்டில் தன் பைக்கு இடம் பிடித்து வைத்திருந்த ஒரு ஆளிடம் ஒரு நாள், “பைக்குக் கால் வலிக்குதா சார்?” என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது. அந்த ஆள் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியவர், இறங்கும்வரை திரும்பவில்லை.

எங்கள் பக்கத்து பஸ் டிப்போவில் வேலைக்குச் சேர்ந்த முதல் பெண் அவர். சேர்ந்த புதிதில் பெண்களுக்கென்று காட்டிய கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. கேட்டதற்கு, “ஒருத்திக்காகத் தாழ்ப்பாளா? உள்ள இருந்தா ஒரு பாட்டுப் பாடுங்க, யாரும் வர மாட்டாங்க” என்று மேலதிகாரி நகைச்சுவை செய்தாராம். மறுநாள் முட்டியம்மா அதிகாரிகளின் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, தெரிந்த பாட்டையெல்லாம் வரிசையாகப் பாட ஆரம்பித்தார். வெளியே அதிகாரி கால் மாற்றிக் கால் மாற்றி நின்றிருக்கிறார். அன்று மாலையே தச்சர் வந்துவிட்டார். இதை அவர் சொல்லும்போது எங்கள் கிளினிக் வரிசையில் காய்ச்சல் பிள்ளைகள்கூடச் சிரித்தன. நர்ஸம்மா மட்டும் உதட்டில் விரல் வைத்துக் காட்டினார்.

இப்படிப்பட்ட வாய், டாக்டர் முன்னால் போனதும் பூனைக்குட்டி ஆகிவிடும். அதுதான் எனக்கு விளங்காத விஷயம்.

அது பழைய கடை ஒன்றைத் தடுத்துக் கட்டிய கிளினிக். காத்திருக்கும் இடத்துக்கும் டாக்டர் அறைக்கும் நடுவே பலகைத் தடுப்பு. அது கூரைவரை போகாது, வாசலுக்குத் திரைதான். உள்ளே பேசுவதெல்லாம் வெளியே எங்கள் மடியில் வந்து விழும். யார் பிள்ளைக்கு வயிறு போகிறது, யார் பிள்ளை படுக்கையை நனைக்கிறது எல்லாம் எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் தெரியாததுபோல் சத்தமில்லாத டிவியைப் பார்த்துக்கொண்டிருப்போம். அப்படித்தான் முட்டியம்மாவின் குரலையும் கேட்டேன்.

“எப்படி இருக்கா?” என்பார் டாக்டர்.

“பரவாயில்லை டாக்டர்.”

அவ்வளவுதான். பஸ்ஸையே நிறுத்தி நியாயம் கேட்கும் மனுஷி, ஒரு சொல்லோடு வெளியே வந்துவிடுவார்.

டாக்டரைக் கெட்டவர் என்று சொன்னால் என் வாய் அழுகிப்போகும். காலையெல்லாம் பெரிய ஆஸ்பத்திரியில் நின்றுவிட்டு மாலையில் எங்கள் தெருவுக்கு வருகிறவர். அழுகிற பிள்ளையின் மணிக்கட்டில் பேனாவால் சிரிக்கிற மூஞ்சி வரைந்து கொடுப்பார், பிள்ளை அழுகையை மறந்து அதையே பார்க்கும். ஆனால் கூட்டம் அதிகம், அவர் ஒருவர். “எப்படி இருக்கு” என்று கேட்கும்போதே கை அடுத்த மருந்தை எழுதிக்கொண்டிருக்கும்.

முட்டியம்மாவின் மகளைக் குருவி என்றுதான் வீட்டில் கூப்பிடுவார்கள். இன்னும் பள்ளிக்கூடம் சேர்க்காத வயது. இடது முட்டி லேசாக வீங்கியிருக்கும், அதனால் கிளினிக்கில் அவள் முட்டி. நாங்கள் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பிள்ளை நடந்துதான் வருவாள், கொஞ்சம் விந்தி. டாக்டர் தொட்டுப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார், “வளர்ற வயசு வலிம்மா, பல பிள்ளைங்களுக்கு வரும்” என்று வலிக்கு ஒரு சிரப் கொடுத்தார். இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். வந்தார்கள். எப்படி இருக்கா? பரவாயில்லை டாக்டர். மறுபடி சிரப். மறுபடி பரவாயில்லை. ஒரு தடவை மட்டும் முட்டியம்மா, “காலையில மட்டும் கொஞ்சம் எந்திரிக்க...” என்று இழுத்தார். “காலையில எந்தப் பிள்ளைம்மா ஒழுங்கா எந்திரிக்குது? எங்க வீட்டுல வந்து பாருங்க” என்று டாக்டர் சிரித்தார். முட்டியம்மாவும் சிரித்துவிட்டார். தடுப்புக்கு வெளியே நாங்களும் சிரித்தோம்.

இந்தப் ‘பரவாயில்லை’யைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்கும் தெரியாது என்று நினைக்கிறேன். என் தொழில் அப்படி. முடி வெட்டி முடித்துப் பின்னால் கண்ணாடியைப் பிடித்துக் காட்டுவேன். வாடிக்கையாளர் இடது பக்கம் பார்ப்பார், வலது பக்கம் பார்ப்பார், “ம்... பரவாயில்லை” என்பார். முடிந்தது. அந்த ஆள் இனி என் கடைப் படி ஏற மாட்டார். நன்றாக இருந்தால் ஒன்றுமே சொல்லாமல் தலையைத் தடவிக்கொண்டு போவார்கள். காலை மிதித்தவன் மன்னிப்புக் கேட்டால் பரவாயில்லை. சமையல் எப்படி என்று மனைவி கேட்டால், உயிர்மேல் ஆசை இல்லாதவன் சொல்வது பரவாயில்லை. சாகக் கிடந்தவர் கண் திறந்தாலும் பரவாயில்லைதான். வலிக்கிறது என்பதை மரியாதையாகச் சொல்ல நம்மிடம் இருக்கும் ஒரே சொல் அது. கேட்கிறவர் தனக்கு வேண்டியதை அதில் எடுத்துக்கொள்ளலாம்.

டாக்டர் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார்.

அன்றைக்கு என் மகனுடன் நான் இரண்டாவது ஆள். எனக்கு முன்னால் முட்டியம்மா உள்ளே போனார். கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தேன். மறுநாள் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போகவிருந்த ஒரு பையன் முடிவெட்டக் கடை வாசலில் காத்திருந்தான். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

உள்ளே டாக்டரின் குரல் உற்சாகமாக இருந்தது. “அட, குட்டிம்மா என்னமா நடக்கிறா! அவ்வளவுதாம்மா. மருந்தை நிறுத்திடலாம். இனிமே நீங்க அலைய வேண்டாம்.”

“நிறுத்தவா டாக்டர்?”

“ஆமாம்மா. நல்லாயிட்டா.”

“காலையில அவளால எந்திரிக்கவே முடியலையே டாக்டர்.”

டாக்டர் பழைய சீட்டுகளைப் புரட்டும் சத்தம் கேட்டது. “போன தடவை பரவாயில்லைன்னீங்க. அதுக்கு முந்தின தடவையும் அதேதான் சொன்னீங்க. நீங்க சொன்னதை வெச்சுத்தானே நான் பாக்க முடியும்?”

“சொன்னேன். பரவாயில்லைன்னா நல்லாயிடுச்சுன்னு அர்த்தமா டாக்டர்?”

“வேற என்னம்மா அர்த்தம்?”

டிவியைப் பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் எல்லோரும் தடுப்பைப் பார்த்தோம். முட்டியம்மாவின் குரல் முதலில் தாழ்ந்துதான் வந்தது. “நீங்க பாசமா பாத்து மருந்து குடுக்கிறீங்க. உங்க மூஞ்சிக்கு நேரா மருந்து வேலை செய்யலைன்னு சொல்ல வாய் வரலை. அதுக்குத்தான் அந்தச் சொல்லு. என் பிள்ளை நல்லாயிடுச்சுன்னு நான் ஒரு நாளும் சொல்லலை டாக்டர்.”

“சரிம்மா, ஆனா இப்போ நடக்கிறாளே. நான் கண்ணால பாக்கிறேனே.”

“சாயங்காலம் நடப்பா. காலையில பாருங்க.”

“காலையில நான் பெரிய ஆஸ்பத்திரியில இருப்பேன். இங்கே சாயங்காலம் மட்டும்தான். உங்களுக்கே தெரியும்.”

“எனக்குத் தெரியும். அவ முட்டிக்குத் தெரியலையே.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டாக்டர் பெருமூச்சு விட்டது கேட்டது. பயப்பட ஒன்றுமில்லை என்றார், இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்றார், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள் என்றார். நர்ஸம்மா திரையை விலக்கி, “முட்டியம்மா, எந்திரிங்க. அடுத்து இழுப்பு” என்றார்.

“எந்திரிக்க மாட்டேன்.”

“என்னம்மா இது வம்பு?”

“வம்புதான். மருந்தை நிறுத்தறேன்னு சொல்றார். நான் எந்திரிச்சுப் போயிட்டா என் பிள்ளை நல்லாயிட்டான்னு ஆயிடும். காலையில அவ காலைப் பாக்கிறேன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், போறேன்.”

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், வெளியே யாரும் முட்டியம்மா பக்கம் இல்லை. வாந்தியம்மா ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறவர், அரை நாள் அனுமதி வாங்கி வந்திருந்தார். “எங்க பிள்ளைங்க மட்டும் தெருவுல கிடந்ததா?” என்றார். காதம்மா தன் மகனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, “ஒவ்வொருத்தரும் இப்படிக் குந்திக்கிட்டா நாம எப்போ பாக்கிறது?” என்றார். எனக்குக் கடை வாசலில் நிற்கும் பையன் நினைவு. எழுந்து திரையருகே போய்க் கத்தினேன். “ஏம்மா, பஸ்ஸுல இப்படி ஒருத்தன் இறங்க மாட்டேன்னு உக்காந்தா விடுவீங்களா?”

திரை விருட்டென்று விலகியது. முட்டியம்மா குருவியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். பூனைக்குட்டியைக் காணவில்லை, கண்டக்டர் வந்திருந்தார்.

“விட மாட்டேண்ணே. இறங்கச் சொல்லுவேன். ஆனா அவன் டிக்கெட்டு எந்த ஊருக்குன்னு கேட்டுட்டுத்தான் சொல்லுவேன். உங்க பையனுக்கு எப்படி இருக்கு?”

“என் பையனுக்கா? பரவாயில்லை. அதை விடுங்க.”

“பரவாயில்லைன்னா?”

“பரவாயில்லைன்னா... பரவாயில்லைதான்.”

“நேத்து ராத்திரி தூங்கினானா?”

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. ஊர் நியாயம் பேச வந்த இடத்தில் என் வீட்டுக் கதவை எதற்குத் தட்டுகிறார்? ஆனால் அந்தக் குரலுக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. “உக்காந்துக்கிட்டே தூங்கறான். படுத்தா மூச்சு முட்டுது.”

“நீங்க?”

“அவன் முதுகுக்குப் பின்னால நான்தான் சுவரு.”

“அப்போ நீங்களும் தூங்கலை. இதை உள்ள போய் டாக்டர்கிட்ட எப்படிச் சொல்லப் போறீங்க?”

நான் வாயைத் திறந்தேன். என் நாக்கு நுனியில் அந்தச் சொல்தான் இருந்தது. மென்று விழுங்கினேன்.

அவர் என்னை விட்டுவிட்டுக் காதம்மாவிடம் திரும்பினார். “உங்க பையனுக்கு?”

“சீழ் கொஞ்சம்...” என்று ஆரம்பித்த காதம்மா, தோளில் இருந்த மகனைப் பார்த்துவிட்டு, “நிக்கவே இல்லை. கூப்பிட்டா திரும்பிப் பாக்க மாட்டேங்குது. திமிருன்னு அடிச்சுட்டேன். நேத்துதான் தெரியுது, இதுக்குக் கேக்கலை” என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “போன தடவை டாக்டர் கேட்டப்போ பரவாயில்லைன்னுதான் சொன்னேன். இப்பவும் அதைத்தான் சொல்லிட்டுப் போயிருப்பேன்.”

வாந்தியம்மாவை யாரும் கேட்கவில்லை. அவரே சொன்னார். “எடை ஏறலை. சட்டையைத் தொளதொளன்னு போட்டு மறைச்சுக் கூட்டிட்டு வரேன். பிள்ளையை ஒழுங்கா வளர்க்கத் தெரியலைன்னு திட்டுவாங்களோன்னு பயம்.”

ஒருவர் பின் ஒருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். அந்த அறையில் அத்தனை நாள் நான் உட்கார்ந்திருக்கிறேன், எல்லோருடைய நோயும் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் தெரியாது. நாங்கள் தடுப்புக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனதெல்லாம் சீவி முடித்துப் பவுடர் போட்ட நோய்கள். வீட்டில் இருந்த நோய்கள் வேறு.

டாக்டர் முட்டியம்மாவுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். முகம் சிவந்திருந்தது. “எல்லாரும் சேர்ந்து என்னைக் கூண்டில ஏத்தறீங்களா? நான் என்ன ஜோசியனா, நீங்க வாய்க்குள்ள வெச்சிருக்கிறதைக் கண்டுபிடிக்க? சொன்னாத்தானே தெரியும்?”

அவர் கேட்டதும் நியாயம்தான். அதனால்தான் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். முட்டியம்மா குனியவில்லை.

“சரி டாக்டர், தப்பு எங்க வாயிலதான். இதுவரைக்கும் சொல்லலை. இப்போ சொல்றோம். நீங்க எழுதறதை நிறுத்திட்டுக் கேளுங்க. என் பிள்ளைக்குக் காலையில முட்டி மரக்கட்டை மாதிரி நிக்குது. வெந்நீர்த் துணி சுத்தி, நீவி நீவி, பால் காய்ஞ்சு ஆறுற நேரம் ஆகுது அவ காலைத் தரையில ஊன. நாளுக்கு நாள் கூடுது. இது வளர்ற வலி இல்லைன்னு எனக்குத் தோணுது. நான் படிச்சவ இல்லை, தப்பாக்கூட இருக்கலாம். தப்புன்னு காலையில பாத்துட்டுச் சொல்லுங்க, உங்க காலைத் தொட்டுக் கும்பிட்டுட்டுப் போறேன். பாக்காம சொல்லாதீங்க.”

டாக்டர் குருவியைப் பார்த்தார். அவள் தன் மணிக்கட்டில் அவர் வரைந்த மூஞ்சியை எச்சில் தொட்டு அழித்துக்கொண்டிருந்தாள்.

“நாளைக்கு விடிஞ்சதும் இங்கே வாங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி பாக்கிறேன். வெந்நீர் ஒத்தடம் எதுவும் குடுக்காதீங்க. எழுப்பின கையோட அப்படியே தூக்கிட்டு வாங்க” என்றார். அவர் குரலில் கோபம் போகவில்லை. முட்டியம்மாவும் நன்றி சொல்லவில்லை. “வரோம்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்து நான் உள்ளே போனேன். “எப்படி இருக்கான்?” என்று டாக்டர் பழக்கதோஷத்தில் கேட்டார். கேட்டவர் நாக்கைக் கடித்துக்கொண்டு, பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார். “ராத்திரி என்ன நடந்தது, சொல்லுங்க” என்றார். சொன்னேன். அவ்வளவு நேரம் நான் எந்த டாக்டரிடமும் பேசியதில்லை.

மறுநாள் காலையில் எனக்குக் கடை திறக்கும் வேலை. வேலைக்குப் போகிறவர்கள் சவரம் செய்ய வருவார்கள் என்று சீக்கிரமே திறந்துவிடுவேன். ஆனால் அன்று நான் கதவை ஏற்றிவிட்டுக் கிளினிக் வாசலில்தான் போய் நின்றேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. முந்தின நாள் கத்தியவன் நான். போகாமல் இருக்க முடியவில்லை.

முட்டியம்மா கண்டக்டர் சீருடையில் வந்தார். குருவியைத் தூக்கி வந்தவர் அவருடைய கணவர். ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை பார்ப்பவர், நேரே அங்கிருந்து வந்திருந்தார். புருவத்திலும் காது மடலிலும் மாவு ஒட்டியிருந்தது. அவர் வேலை முடிந்து வருவதற்கும் மனைவி முதல் பஸ்ஸுக்குக் கிளம்புவதற்கும் நடுவில்தான் இருவருமாகப் பிள்ளையை எழுப்புவார்களாம். பேச்சே இல்லாத மனிதர். பிள்ளையைப் போர்வையோடு மார்பில் அணைத்திருந்தார், அவள் இடது கால் மட்டும் மடங்கியபடி வெளியே துருத்திக்கொண்டிருந்தது.

டாக்டர் கார் சாவியை இன்னும் கையில் வைத்திருந்தார். அறை விளக்கைக்கூடப் போடவில்லை. காத்திருக்கும் இடத்திலேயே, “இறக்கி விடுங்க” என்றார். பிள்ளையைத் தரையில் உட்கார வைத்தார்கள். டாக்டர் கொஞ்சம் தள்ளிப் போய்க் குந்தி உட்கார்ந்து, இரண்டு கையையும் நீட்டி, “குட்டிம்மா, எந்திரிச்சு என்கிட்ட வா பாக்கலாம்” என்றார்.

குருவி எழுந்திருக்க முயற்சிகூடச் செய்யவில்லை. அந்த நேரத்தில் எழுந்திருக்க முடியாது என்பது அவளுக்குத் தெரிந்த விஷயம், பிள்ளைகளுக்கு மழை பெய்கிறது என்று தெரிவதுபோல. இரண்டு கையையும் பின்னால் ஊன்றினாள். வலது காலை உந்தி, இடது காலை இழுத்து, உட்கார்ந்தபடியே தேய்த்துத் தேய்த்து அவரை நோக்கி நகர்ந்தாள். நகரும்போது வாயால், “பாம் பாம், வழி விடுங்க, குருவி பஸ் வருது” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். வீட்டில் படுக்கையிலிருந்து குளியலறைக்குப் போக அவர்கள் அவளுக்குச் சொல்லிக் கொடுத்த விளையாட்டு. டாக்டரின் கைக்கு எட்டியதும் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். சரியாகச் செய்துவிட்டேனா என்ற சிரிப்பு.

ரொட்டிக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. முட்டியம்மா மட்டும் அசையவில்லை. டாக்டரையே பார்த்துக்கொண்டு நின்றார், “பாத்தீங்களா” என்று கேட்கக்கூட இல்லை.

டாக்டர் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து அந்த முட்டியைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். நிமிர்த்தப் பார்த்தார். வரவில்லை. குருவி முகத்தைச் சுளித்ததும் நிறுத்திவிட்டார். கணுக்காலைப் பார்த்தார், விரல்களைப் பார்த்தார், கீழ் இமையை இழுத்துக் கண்ணைப் பார்த்தார். “சூடா இருக்கு” என்று தனக்குத்தானே சொன்னார். பிறகு எழுந்து, “என் கார்லயே வாங்க. பெரிய ஆஸ்பத்திரியில இதுக்குன்னே ஒரு டாக்டரம்மா இருக்காங்க, இன்னைக்கே பாத்துடலாம்” என்றார்.

முட்டியம்மா அன்று பஸ்ஸுக்குப் போகவில்லை. எங்கள் பக்கம் ஒரு ஆண் கண்டக்டர் வந்தார். பஸ் முழுக்க அமைதியாக, யாரும் உள்ளே போகாமல் படியிலேயே தொங்கிக்கொண்டு போனது.

பெரிய ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்துவிட்டார்கள். மூட்டு வாதம். வயதானவர்களுக்கு வருவது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது, பிள்ளைகளுக்கும் வருமாம். சாயங்காலமானால் மூட்டு இளகிவிடுமாம், அதனால்தான் மாலைக் கிளினிக்கின் கண்ணில் படாமல் இருந்திருக்கிறது. சத்தமில்லாமல் கண்ணையும் தொடுமாம். நல்ல வேளை, தொடவில்லை. ஊசி, மாத்திரை, பயிற்சி என்று நீண்ட வைத்தியம். வேதனை அடங்கும், வீக்கம் அடங்கும், பள்ளிக்கூடம் போவாள், ஓடுவாள். ஆனால் அந்த இடது கால் முழுசாக நிமிருமா என்று மட்டும் அந்த டாக்டரம்மாவால் உறுதி சொல்ல முடியவில்லை. “கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா” என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டாராம். அந்தப் பாதி வாக்கியத்தை முட்டியம்மா எங்களிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். சொல்லும்போதெல்லாம் அவருக்குப் பல் நறநறக்கும்.

அதற்கப்புறம் எங்கள் கிளினிக்கில் நடந்த மாற்றத்தை நர்ஸம்மாவிடம் கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார். ஆனால் எடை பார்க்கும்போது அவரே தாய்மார்களிடம், “உள்ள போய் அந்த வார்த்தையைச் சொல்லிடாதீங்க, நடந்ததைச் சொல்லுங்க” என்று காதோரம் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். முட்டியம்மாவோ ஒரு படி மேலே போய்விட்டார். பஸ்ஸில் கைப்பிள்ளையோடு ஏறுகிற பெண்ணிடம் டிக்கெட்டோடு விசாரணையும் கொடுப்பார். “டாக்டர்கிட்டயா போறீங்க? என்ன சொல்லப் போறீங்க, எங்கிட்ட ஒரு தடவை சொல்லிப் பாருங்க.” இறங்குவதற்குள் அந்தப் பெண்ணுக்குப் பாடம் மனப்பாடமாகிவிடும். இதற்காக டிப்போவில் அவர்மேல் யாரோ புகார் கொடுத்தார்கள். “பயணிகளிடம் தேவையில்லாத பேச்சு” என்று விளக்கம் கேட்டார்களாம். “தேவையான பேச்சு” என்று பதில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஆனால் நான் சொல்ல வந்தது பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து அவர்கள் திரும்பிவந்த அந்த மாலையைப் பற்றி.

கிளினிக் நிறைந்திருந்தது. நான் இருந்தேன், காதம்மா இருந்தார், வாந்தியம்மா இந்தத் தடவை பிள்ளைக்கு அளவான சட்டை போட்டுக் கூட்டி வந்திருந்தார். முட்டியம்மா ஒரு நாற்காலியில், பக்கத்து நாற்காலியில் குருவி. நர்ஸம்மா “முட்டி” என்று கூப்பிடுவதற்கு முன்பே திரையை விலக்கிக்கொண்டு டாக்டர் வெளியே வந்தார். உள்ளே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். எப்படியும் தடுப்பைத் தாண்டி எங்களுக்குக் கேட்டிருக்கும் என்பது வேறு விஷயம். அவர் எங்கள் நடுவே வந்து நின்றார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கழுத்தில் தொங்கிய ஸ்டெதாஸ்கோப் குழாயைப் பிடித்துக்கொண்டார்.

“டாக்டரம்மாகிட்ட பேசினேன்” என்றார். “நான் முதல்லயே காலையில பாத்திருக்கணும். நீங்க ஒரு தடவை சொல்ல வந்தீங்க, நான் சிரிச்சுட்டேன். என்னை மன்னிச்சிடுங்கம்மா.”

ஒரு டாக்டர் அப்படிச் சொல்லி நாங்கள் யாரும் கேட்டதில்லை. அவர் கண் கலங்கியிருந்தது, நடிப்பு இல்லை. மன்னிப்புக் கேட்பவருக்கு நாம் என்ன சொல்வோம்? தாய்ப்பாலோடு வந்த பதில் ஒன்றுதான் இருக்கிறது. வாந்தியம்மாவின் உதடு அசைந்ததைப் பார்த்தேன். என் வாயும் அதைச் சொல்லத் தயாராகத்தான் இருந்தது. சொல்லிவிட்டால் அந்த மனிதருக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி.

முட்டியம்மா குருவியைப் பார்த்தார். அவள் நாற்காலியில் இரண்டு காலையும் முன்னால் நீட்டி ஒன்றோடொன்று அளந்துகொண்டிருந்தாள். ஒன்று நேராக நீண்டது. மற்றது வரவில்லை. முட்டியம்மா நிமிர்ந்தார்.

“பரவா இருக்கு டாக்டர்” என்றார். “நிறையவே இருக்கு. அடுத்து என்ன செய்யணும், அதைச் சொல்லுங்க.”